“அப்பா வாங்கி வரச் சொன்னார்” என்று சொன்னால் சிறுவனிடம் சிகரெட் கொடுக்கலாமா?

கேள்வி: கண்மணி, தேனி மாவட்டம்

எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறேன். என் மகள் அங்கே எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி வாசலுக்கு எதிர்ச்சாரியில் இரண்டு பெட்டிக்கடைகள், பஸ் நிறுத்தத்தை ஒட்டி மூன்றாவது கடை. மூன்றிலும் தேன்மிட்டாய், கடலைமிட்டாய், முறுக்கு, பேனா, நோட்டு எல்லாம் கிடைக்கும். சிகரெட்டும் பீடியும் கிடைக்கும்.

சென்ற வாரம் மதிய உணவு இடைவேளையில் எதிர்க்கடையில் நின்றுகொண்டிருந்தேன். சீருடையில் ஒரு பையன் வந்தான். ஒன்பதாம் வகுப்பு இருக்கும். இருபது ரூபாய்த் தாள்கள் இரண்டை நீட்டினான், வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே பாக்கெட்டிலிருந்து இரண்டு சிகரெட்டுகளை உருவி, செய்தித்தாள் துண்டில் சுருட்டிக் கையில் வைத்தார். மீதிச் சில்லறைக்குப் பதில் புதினா மிட்டாய். பையன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குள்ளேதான் திரும்பிப் போனான். “என்னண்ணே இது?” என்று கேட்டேன். “அவன் அப்பாவுக்கும்மா, அவர் நம்ம வாடிக்கை” என்றார். அப்பா வேலை பார்ப்பது திருப்பூரில் என்று எனக்குத் தெரியும்.

இதைவிட என்னைக் கலங்க வைத்தது இன்னொன்று. கழிப்பறையைச் சுத்தம் செய்யும் அக்கா, சுவருக்குப் பின்னால் கிடந்தவை என்று ஒரு முறம் நிறையக் கொண்டுவந்து காட்டினார். விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைப் பொட்டலங்கள், ஊறிப்போய்ப் பழுப்பேறியவை. கூடவே வட்டமான சிறிய டப்பாக்கள். கூல் லிப் என்ற புகையிலைப் பொருள். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டு பாடவேளை முழுவதும் உட்கார்ந்திருக்கிறார்களாம். புகை இல்லை, நாற்றம் இல்லை, ஆசிரியருக்கும் தெரிவதில்லை.

தலைமை ஆசிரியர் தயங்குகிறார். புகார் கொடுத்தால் கடைக்காரர்கள் பள்ளி வாசலில் வந்து நிற்பார்கள் என்கிறார். என் கேள்விகள் இவை. பதினெட்டு வயது ஆகாத பையன் “அப்பாவுக்கு” என்று சொன்னால் கடைக்காரர் கொடுக்கலாமா? சட்டத்தில் அப்படி விலக்கு உண்டா? யாரிடம் புகார் கொடுப்பது? மூன்றில் ஒரு கடையைக் கணவரை இழந்த ஒரு பெண் நடத்துகிறார். அவர் பிழைப்பில் மண் விழக் கூடாது. அதே நேரத்தில் பிள்ளைகள் கையில் இது போய்ச் சேரவும் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1: ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், மதுரை

அம்மா, முதலில் நேரடி விடை. கொடுக்கக் கூடாது. விலக்கு எதுவும் கிடையாது. 2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் இதர புகையிலைப் பொருட்கள் சட்டம், பிரிவு 6. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட எவருக்கும் விற்கக் கூடாது, விற்பனைக்கு நீட்டக் கூடாது, விற்க அனுமதிக்கவும் கூடாது. பிறகு அதை யார் புகைக்கப் போகிறார் என்று சட்டம் கேட்பதே இல்லை. அப்பாவோ தாத்தாவோ வாத்தியாரோ, வாங்கும் கை சிறுவனுடையது என்றால் அது குற்றம். 2004-இல் வந்த விதிகள் இன்னும் ஒரு படி போகின்றன. வாங்கியவர் சிறுவர் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவருடையது. சந்தேகம் இருந்தால் வயதுச் சான்று கேட்கலாம். ஆகவே “எனக்கு எப்படித் தெரியும்?” என்பது கடைக்காரர் சொல்லக் கூடிய பதிலே அல்ல. சீருடையில் வந்தவனுக்குக் கொடுத்துவிட்டு அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அந்தப் பிரிவின் இரண்டாம் பகுதி உங்களுக்கு இன்னும் உதவும். கல்வி நிறுவனத்திலிருந்து நூறு கஜ சுற்றளவுக்குள் புகையிலை விற்பனையே கூடாது, பெரியவர்களுக்கும் சேர்த்து. நூறு கஜம் என்பது ஏறக்குறைய 91 மீட்டர். இங்கேதான் சண்டை வரும், அனுபவத்தில் சொல்கிறேன். கடைக்காரர் வாசல் கேட்டிலிருந்து சாலை வழியாக நடந்து காட்டி, “பாருங்கள் சார், நூறைத் தாண்டிவிட்டது” என்பார். விதி அப்படிச் சொல்லவில்லை. சுற்றுச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். கேட் எந்தப் பக்கம் இருந்தாலும் கவலை இல்லை. ஒரு பள்ளியில் மைதானத்தின் மூலைச் சுவரில் டேப்பின் நுனியை வைத்து, பக்கத்து வீட்டு மாடி வழியாக இழுத்துப் போய் அளந்தோம். சாலை வழியே வெகு தூரத்தில் இருந்ததாக எல்லோரும் சத்தியம் செய்த கடை, கோட்டுக்குள் நன்றாக உட்கார்ந்திருந்தது. உங்கள் பஸ் நிறுத்தத்துக் கடையையும் இப்படி அளந்து பாருங்கள்.

அபராதத்தைச் சொன்னால் உங்களுக்கு மனம் சோர்ந்துவிடும். அதிகபட்சம் 200 ரூபாய். 2003-இல் எழுதிய தொகை, தமிழ்நாட்டில் இன்றும் அதுதான். இருபது சிகரெட் கொண்ட பெரிய பாக்கெட் ஒன்றை வாங்க இந்தப் பணம் போதாது. ரசீது புத்தகத்தோடு நாங்கள் போனபோது கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, நாங்கள் வண்டியை எடுப்பதற்குள் அடுத்த வாடிக்கையாளரைக் கவனித்தவர்கள் உண்டு. கர்நாடகம் 2024-இல் சட்டமன்றத்தில் திருத்தம் நிறைவேற்றி, 2025-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. வயது 21, அபராதம் 1,000 ரூபாய் வரை, ஒற்றை சிகரெட் விற்கவும் தடை. ஒற்றை விற்பனைதான் பள்ளிப் பிள்ளையின் வாசல். முழுப் பாக்கெட் வாங்க அவனிடம் பணம் ஏது? எச்சரிக்கைப் படம் பாக்கெட்டின் 85 விழுக்காட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது, உருவிக் கொடுத்த ஒற்றைக் குச்சியில் அது எங்கே இருக்கிறது? நம் மாநிலமும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

ஆனால் 200 ரூபாயோடு கதை முடியவில்லை. இளைஞர் நீதிச் சட்டம், 2015, பிரிவு 77. குழந்தைக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கும் கொடுக்கச் செய்பவருக்கும் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இது பல கடைக்காரர்களுக்குத் தெரியாது. என்னைக் கேட்டால், இந்தப் பிரிவைப் பெரிய எழுத்தில் அச்சடித்து மூன்று கடைக்கும் கொண்டுபோய்க் கையில் கொடுத்து, அவர் எதிரில் வாசித்துக் காட்டுங்கள். நான் பணியில் இருந்த காலத்தில் ரசீது புத்தகத்தைவிட இந்த ஒரு தாள் அதிக வேலை செய்தது.

கூல் லிப் விஷயம் தனி, அதைச் சிகரெட்டோடு கலக்காதீர்கள். மெல்லும் புகையிலை, குட்கா, நிக்கோட்டின் கலந்த பான் மசாலா ஆகியவற்றுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2013 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தடை உத்தரவை ரத்து செய்தது. அந்த ஆண்டே ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2024-இல் கூல் லிப் பற்றிய வழக்கில் மதுரைக் கிளை, மாணவர்கள் இதற்கு அடிமையாவதைச் சுட்டிக்காட்டி நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என்று கேட்டது. இங்கே பிள்ளைக்கு மட்டும் அல்ல, யாருக்கு விற்றாலும் குற்றம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். முதல் முறைக்கே 25,000 ரூபாய் அபராதம் விதித்து, கடைக்குச் சீல் வைக்கிறார்கள். அந்த டப்பாக்களைக் கழுவாமல் ஒரு பையில் கட்டி, கிடைத்த நாளையும் இடத்தையும் எழுதி வையுங்கள். மொத்தமாகக் கொண்டுவந்து போடுகிறவன் ஒருவன் இருப்பான். அவன் இருசக்கர வாகன எண் கிடைத்தால் அதுதான் பெரிய சேதி. பெட்டிக்கடையைப் பிடிப்பதைவிட அவனைப் பிடிப்பது முக்கியம்.

சிகரெட்டுக்கு உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி சோதனை செய்யலாம். சுகாதாரத் துறையும் அபராதம் போடலாம். பையன் சிக்கியிருக்கிறான் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.


பதில் 2: பெட்டிக்கடைக்காரர், விருதுநகர் மாவட்டம்

கடைக்காரன் தரப்பையும் கொஞ்சம் கேளுங்கள். நான் கடை வைத்திருக்கும் இடம் பள்ளிக்கு அருகில் இல்லை, ஆனாலும் டியூஷன் முடிந்து பிள்ளைகள் வந்து நிற்பார்கள். நான் சிறுவர்களுக்குக் கொடுப்பதில்லை. அதற்காக நான் வாங்கிய ஏச்சு, சிகரெட் கேட்டு வந்த பிள்ளைகளிடம் வாங்கியது அல்ல. அப்பாக்களிடம் வாங்கியது.

ஒருநாள் எங்கள் தெருப் பையன் ஒருவன் “அப்பா ரெண்டு சிகரெட் வாங்கி வரச் சொன்னார், கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னார்” என்றான். “அப்பாவையே வரச் சொல்லு தம்பி” என்று அனுப்பிவிட்டேன். கால் மணி நேரத்தில் அவன் அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். “என் பிள்ளை மேல் சந்தேகப்படுகிறாயா? நான் என்ன திருட்டுக் கணக்கா எழுதச் சொன்னேன்?” என்று நாலு பேர் முன்னிலையில் சத்தம் போட்டார். பழைய பாக்கியை அப்போதே எறிந்துவிட்டுப் போனவர், இன்றுவரை பால், முட்டை, அரிசி எதற்கும் என் கடைப் படி ஏறுவதில்லை. ஒரு குடும்பத்தின் மாத வியாபாரம் போய்விட்டது. சட்டம் என் பக்கம் இருந்து என்ன பயன்? அன்று தெருவில் யாரும் என் பக்கம் இல்லை.

அதனால் சொல்கிறேன், பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் பழக்கத்தை நிறுத்துங்கள். நாங்கள் பொய்யையும் நிஜத்தையும் எப்படிப் பிரிப்பது? பாதிப் பிள்ளைகளை உண்மையிலேயே அப்பாதான் அனுப்புகிறார். அந்தப் பாதி இருக்கும் வரை, மீதிப் பாதி அதே வார்த்தையைச் சொல்லி வாங்கிக்கொண்டு போகும்.

இன்னொன்று. தனியாக ஒரு கடை நிறுத்தினால் வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போகும், பையனும் அங்கேயே போவான். மூன்று கடையையும் ஒரே நாளில் உட்கார வைத்துப் பேசுங்கள். அந்த அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு மிரட்டாதீர்கள். சிகரெட்டில் எங்களுக்குக் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. அதை வாங்க வருகிறவர் கூடவே ஒரு தேநீரோ வாழைப்பழமோ வாங்குவார் என்பதற்காகத்தான் வைத்திருக்கிறோம். பள்ளி எதிரில் இருப்பவருக்குப் பிள்ளைகள்தான் வாடிக்கை. நோட்டு, பேனா, சார்ட், கலர் பென்சில், செய்முறை ஏடு, சுண்டல் என்று நன்றாக ஓட்டலாம். பள்ளியே ஒரு பட்டியல் கொடுத்து “இவற்றை இங்கே வாங்குங்கள்” என்று சொன்னால் அவர் சிகரெட்டைத் தானாகவே விட்டுவிடுவார்.


பதில் 3: தேக்கா வாசி, சிங்கப்பூர்

நான் இங்கே ஒரு மளிகைக் கடையில் பணி செய்கிறேன். இங்கே இருக்கும் முறையைச் சொல்கிறேன், எது பொருந்தும் என்று நீங்கள் பாருங்கள்.

புகையிலை விற்க இங்கே தனி உரிமம் வேண்டும். சட்டப்படியான வயது 2019-இல் 19, 2020-இல் 20, 2021 ஜனவரி 1 முதல் 21 என்று ஆண்டுக்கு ஒன்றாக ஏற்றினார்கள். 2017 ஆகஸ்ட் முதல் சிகரெட்டை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைக்கக் கூடாது. எங்கள் கடையில் கல்லாவுக்குப் பின்னால் மூடிய அலமாரியில் இருக்கும், கேட்டால்தான் திறப்போம். ஒற்றை சிகரெட் என்ற பேச்சே இல்லை. இளம் முகமாக இருந்தால் அடையாள அட்டையை வாங்கி, பிறந்த ஆண்டைப் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்ததும் முதலாளி எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

இவ்வளவு கவனத்துக்குக் காரணம் அபராதம் மட்டும் அல்ல. வயது குறைந்தவருக்கு விற்று முதல் முறை பிடிபட்டால் புகையிலை உரிமம் ஆறு மாதம் நிறுத்தப்படும். மறுபடியும் பிடிபட்டால் ரத்து. பள்ளிச் சீருடையில் இருப்பவருக்கோ பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கோ விற்றால் முதல் முறையிலேயே ரத்து. கண்மணி அக்கா பார்த்த காட்சி இங்கே நடந்திருந்தால் அந்தக் கடை அன்றோடு சிகரெட் விற்பதை மறந்துவிட வேண்டியதுதான்.


பதில் 4: ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், மதுரை

சிங்கப்பூர்த் தம்பி சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். உரிமம் என்ற கயிறு நம் கையில் இல்லை. 2017 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. உள்ளாட்சி அமைப்புகள் மூலம் புகையிலைக் கடைகளுக்குத் தனி அனுமதி கொடுங்கள், அனுமதி பெற்ற கடையில் மிட்டாய், சிப்ஸ், பிஸ்கட் போன்றவற்றை விற்கக் கூடாது என்று நிபந்தனை போடுங்கள் என்பது அதன் சாரம். எத்தனை அருமையான யோசனை! தேன்மிட்டாய் வாங்க வரும் ஏழு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேரே சிகரெட் பெட்டி இருப்பதுதானே எல்லாவற்றுக்கும் தொடக்கம். உங்கள் ஊராட்சியில் இதைக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். அதற்குத் தடை எதுவும் இல்லை.

விருதுநகர்க் கடைக்காரர் சொன்னதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். ஒன்று மட்டும் அவருக்கும் சொல்ல வேண்டும். விதிகளின்படி பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் புகையிலைப் பொருளைக் கையாளவோ விற்கவோ கூடாது. சாப்பிடப் போகும்போது மகனையோ மகளையோ கல்லாவில் உட்கார வைக்கும் கடைகள் ஏராளம். அந்த நேரத்தில் பாக்கெட்டுகள் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். கடை முகப்பில் 60-க்கு 30 செ.மீ. அளவில் “பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருட்களை விற்பது தண்டனைக்குரிய குற்றம்” என்ற பலகை தமிழில் இருக்க வேண்டும். இதைக் கடைக்காரர்கள் பாரமாக நினைக்கிறார்கள். நான் கேடயம் என்பேன். லுங்கி கட்டி வந்த அந்த அப்பாவிடம் வாதாட வேண்டியதில்லை, பலகையைக் காட்டினால் போதும்.

பள்ளிக்கும் கடமை உண்டு, தலைமை ஆசிரியரிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். நூறு கஜத்துக்குள் விற்பனை கூடாது என்ற பலகையைப் பள்ளி வாசலில் வைப்பது நிறுவனத்தின் பொறுப்பு. புகையிலையற்ற கல்வி நிறுவனத்துக்கான மத்திய அரசின் வழிகாட்டுதல்களில், ஆசிரியர் ஒருவரைக் கண்காணிப்பாளராக நியமிப்பதும் நூறு கஜ எல்லையில் மஞ்சள் கோடு போடுவதும் இருக்கின்றன. கோடு போடும் நாளில் கடைக்காரர்களையும் கூப்பிட்டு டேப்பின் மறுநுனியைப் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு தூரத்தைப் பற்றித் தகராறு எழாது.


பதில் 5: ஆசிரியை, திருச்சி

கடையைப் பற்றியே எல்லோரும் பேசிவிட்டீர்கள். முறத்தில் கிடந்த அந்தப் பொட்டலங்களை வாயில் வைத்திருந்த பிள்ளைகள் நாளையும் வகுப்புக்கு வருவார்கள் அல்லவா? அவர்களைப் பிடித்து மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். இந்தச் சட்டம் வாங்கிய பிள்ளையைத் தண்டிப்பதில்லை, விற்றவரைத்தான் தண்டிக்கிறது. பள்ளி மட்டும் ஏன் தலைகீழாகச் செய்ய வேண்டும்?

2019-இல் நாடு முழுவதும் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களிடம் நடந்த ஆய்வில் 8.5 விழுக்காட்டினர் புகையிலை பயன்படுத்துவதாகத் தெரிந்தது. புகையற்ற புகையிலை பயன்படுத்தியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பத்து வயது நிறையும் முன்பே தொடங்கியவர்கள். ஆகவே ஒன்பதாம் வகுப்பில் விழிப்புணர்வு ஊர்வலம் நடத்துவது காலம் கடந்த வேலை. நான்காம் வகுப்பிலேயே பேசுங்கள். என் வகுப்பில் ஒரு மாணவனுக்கு ஈறு வெளுத்து, காரம் பட்டாலே கண்ணீர் வரும் நிலை. சத்துணவுச் சாம்பாரைத் தொடாமல் வெறும் சோற்றை விழுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அரசு மருத்துவமனைப் பல் மருத்துவர் வாயைத் திறந்து கண்ணாடியில் காட்டியதும் பயந்துபோய் அழுதான். அவனாகவே மீதி டப்பாவை என்னிடம் கொடுத்தான். விடுவதற்கு உதவி கேட்க 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பிள்ளையைப் பேச வைத்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருங்கள்.


கண்மணி, தேனி மாவட்டம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஐயா சொன்னபடி அளந்துவிட்டோம். இரண்டு எதிர்க்கடைகளும் கோட்டுக்குள் இருக்கின்றன என்பதில் சந்தேகமே இல்லை. பஸ் நிறுத்தத்துக் கடையும் மைதானச் சுவரிலிருந்து அளந்தபோது உள்ளேதான் வருகிறது. மூன்று கடைக்காரர்களையும் பள்ளிக்கு அழைத்துத் தேநீர் கொடுத்துப் பேசினோம். பிரிவு 77-ஐ நானே வாசித்தேன். எதிர்க்கடைக்காரர் முகம் கொடுக்காமல் எழுந்து போய்விட்டார். அந்த அக்கா மட்டும் கடைசிவரை இருந்து, “பட்டியல் கொடுங்கள், திங்கட்கிழமையே நோட்டு வாங்கிப் போடுகிறேன்” என்றார். பஸ் நிறுத்தத்துக் கடைக்காரர் இருக்கும் சரக்கு தீரட்டும் என்று காலம் கேட்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சரக்கை ஏஜென்சியிடம் திருப்பிக் கொடுக்கலாமே என்று சொல்லியிருக்கிறேன்.

கூல் லிப் டப்பாக்களோடு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நாளை போகிறேன். தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒன்பதாம் வகுப்புப் பையனின் அம்மாவிடம் தனியாகப் பேசினேன். கணவருக்குத் தெரிந்தால் பிள்ளையை அடித்தே கொன்றுவிடுவார் என்று அழுகிறார். அவரையும் பையனையும் பல் மருத்துவரிடம் நானே அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த கிராம சபையில் வைக்க இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

“நமது ஊராட்சியில் பெற்றோர், உறவினர், முதலாளி எவரும் பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளைப் புகையிலைப் பொருட்கள் வாங்கக் கடைக்கு அனுப்பக் கூடாது. அப்படி வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்பும் கடைக்காரருக்கு ஊர் துணை நிற்கும். பள்ளிச் சுற்றுச்சுவரிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்பனை இல்லை. புகையிலை விற்கும் கடைகளுக்குத் தனி அனுமதி முறையும், அபராதத்தை உயர்த்தி ஒற்றை விற்பனையைத் தடை செய்யும் சட்டத் திருத்தமும் வேண்டும் என்று மாநில அரசை இச்சபை கேட்டுக்கொள்கிறது.”


ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், மதுரை

நன்றாக இருக்கிறது அம்மா. “கடைக்கு அனுப்பக் கூடாது” என்ற இடத்தில் “கடைக்கு அனுப்பவோ, தம் கணக்கில் வாங்கி வரச் சொல்லவோ கூடாது” என்று சேர்த்துவிடுங்கள். தீர்மான நகலில் ஊராட்சிச் செயலரின் முத்திரை வாங்கி, ஒன்றைக் காவல் நிலையத்திலும் ஒன்றை மாவட்ட ஆட்சியர் மனுநீதி நாளிலும் கொடுத்து, ரசீது எண்ணை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.